வேலூர்ப் பக்கம் சோசலிசம் படிக்க ஒரு குழு தொடங்குவது எப்படி

முதல் நாளே கம்யூனிஸ்ட் அறிக்கையை எடுத்து வைக்காதீர்கள். 1848 பிப்ரவரியில் வந்த சின்னப் புத்தகம்தான், ஆனால் அதில் ஒரு பகுதி முழுக்க அந்தக் கால ஐரோப்பாவின் உள்சண்டை. ஜெர்மனியில் 'உண்மை சோசலிசம்' பேசியவர்களை மார்க்ஸும் எங்கெல்ஸும் வறுத்தெடுப்பது பேரணாம்பட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எதற்கு? நாலு பேர் கொட்டாவி விடுவார்கள், அடுத்த வாரம் அதில் இரண்டு பேர் வரமாட்டார்கள். கூலியில் தொடங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் டேனரி, ஷூ கம்பெனி. குடியாத்தம் என்றால் தறி, தீப்பெட்டி, பீடி. வருகிறவர்களில் ஒருவராவது இதில் ஏதோ ஒன்றில் கூலி வாங்கியிருப்பார், இல்லை அவர் அம்மா வாங்கியிருப்பார்.

நான் பீடியைத்தான் முதலில் எடுப்பேன், அதில் எதுவும் மறைவாக இல்லை. ஏஜென்ட் இலையும் புகையிலைத் தூளும் தருகிறார். வீட்டில் இலையை ஊறப்போட்டு, தகடு வைத்துக் கத்தரித்து, மடியில் முறத்தோடு உட்கார்ந்து சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, கட்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நோட்டில் இதை எழுதச் சொல்லுங்கள்: ஆயிரம் பீடிக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் (இலை வெட்டுகிற நேரத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்), கொடுத்த இலை பத்தாமல் கைக்காசில் வாங்கியது எவ்வளவு, சரியில்லை என்று கழித்துப் போட்டது எத்தனை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கூட உட்கார்ந்ததா. எல்லாம் கழித்து மணிக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் அறை கொஞ்ச நேரம் பேசாது. அப்புறம் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியில் கணக்குக் கூலி (நேரத்துக்கு இல்லாமல் செய்த எண்ணிக்கைக்குத் தரும் கூலி) பற்றிய சிறிய அத்தியாயத்தைத் திறங்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கவே வேண்டாம், தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்வார். தரம் சரியில்லை என்று பிடித்துக்கொள்ள வழி இருக்கும். நடுவில் ஏஜென்டுகள் அடுக்கடுக்காக முளைப்பார்கள் என்று மார்க்ஸ் 1867லேயே எழுதி வைத்திருப்பதைக் கேட்டு, இவர் எப்போது நம்ம ஊருக்கு வந்தார் என்று யாராவது கேட்பார்கள். அந்த அத்தியாயம் போதும், முழுத் தொகுதியையும் படிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். (அதைத் தமிழில் கொண்டுவந்த தியாகு அந்த வேலையைச் சிறையில் இருந்தபோது செய்தவர். நமக்கு அந்த அளவுக்கு நேரம் கிடைக்காது.)

அடுத்து 'கூலியுழைப்பும் மூலதனமும்'. 1847இல் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மன் தொழிலாளர்களுக்கு மார்க்ஸ் பேசிய பேச்சு என்பதால் நடை இறங்கி வரும். அதன் பிறகு 1865இல் முதல் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பொதுக்குழுவில் அவர் பேசியது, 'கூலி, விலை, லாபம்' என்று கிடைக்கும். கூலியை ஏற்றினால் விலைவாசியும் ஏறிவிடும், போராடிப் பயனில்லை என்று வெஸ்டன் என்பவர் வாதாட, அதற்கு மார்க்ஸ் சொன்ன பதில் அது. இன்றைக்கும் டீக்கடையில் இதே வாதம்தான் ஓடுகிறது. பழைய மாஸ்கோ பதிப்புகள் கிடைத்தால் வாங்கி வைக்கலாம், ஆனால் அந்தத் தமிழ் வாக்கியங்கள் மூச்சு வாங்க வைக்கும். சத்தமாகப் படித்து, ஒவ்வொரு பத்தியையும் ஒருவர் தன் வார்த்தையில் சொல்லட்டும்.

உபரி மதிப்பு, அதாவது தொழிலாளி தன் கூலிக்கு மேல் உண்டாக்கி முதலாளி கைக்குப் போகும் மதிப்பு, வரும்போது ஒரு கணக்குப் போடுங்கள். பேச்சுக்கு, ஷூ கம்பெனியில் ஒருவர் எட்டு மணி நேரத்தில் தோல், பசை, மின்சாரம், மெஷின் தேய்மானம் எல்லாம் போக 1,200 ரூபாய் மதிப்பைப் புதிதாகச் சேர்க்கிறார், கூலி 450 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் அவர் கூலி வந்துவிட்டது. மீதி ஐந்து மணி நேரம் யாருக்கு? இங்கே ஒருவர் கண்டிப்பாக, "முதலாளி ரிஸ்க் எடுக்கிறாரே, வெளிநாட்டு ஆர்டர் ரத்தானால் யாருக்கு நஷ்டம்?" என்பார். அவர் வாயை அடைக்காதீர்கள், நல்ல கேள்வி அது. ஆர்டர் போனால் முதலில் வேலை போவது யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள், அதே நேரம் மார்க்ஸின் மதிப்புக் கோட்பாட்டை ஏற்காத பொருளியலாளர்கள் ஏராளம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேதம் மாதிரி ஓதினால் படித்த பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு கேள்விகள்: சொத்து யார் கையில், முடிவு யார் கையில்? இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் பாலாறு போதும். டேனரிக் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு, இன்றும் இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. லாபம் கம்பெனிக் கணக்கில், உப்பேறிய கிணறு விவசாயி கணக்கில். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எங்கே படுக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? சரி, இதெல்லாம் தனியுடைமையால் மட்டும்தான் என்றால், மத்திய ஆசியாவின் ஏரல் கடல் எப்படி வற்றியது? சோவியத்தில் நிலமும் நீரும் அரசுடையது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியபோது கரையில் இருந்த மீனவரை யாரும் கேட்கவில்லை. ரஷ்யப் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் 1917 புரட்சி, கூட்டுப்பண்ணை, பஞ்சம், 1930களில் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பு, 1991இல் சோவியத் சிதறியது எல்லாவற்றையும் கோஷமில்லாமல் பேச முடியும்.

நம்ம ஊர் வரலாற்றுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923இல் கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய மே தினம், 1931இல் பெரியாரின் 'குடிஅரசு' இதழ் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது, பெரியாரின் சோவியத் பயணம், அவரும் சிங்காரவேலரும் வகுத்த சமதர்ம வேலைத்திட்டமான ஈரோட்டுத் திட்டம். கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் இரண்டாம் உலகப்போர் காலத்தில் தப்பித்து ஓடியது நம்ம வேலூர் சிறையிலிருந்துதான், இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அதிகம் பேச வேண்டியது 1954 குடியாத்தம் இடைத்தேர்தல். முதல்வரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் வர அங்கே நின்றார், எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வி.கே.கோதண்டராமன். பெரியார் காமராஜர் பக்கம், திமுகவும் அவர் பக்கம். அடுத்த ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1976இல் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையிலேயே சோசலிசத்தைச் சேர்த்தது. பேச்சில் எல்லோரும் சமதர்மம்தான், அதனால்தான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளை ஒவ்வொரு கட்சியின் தேர்தல் அறிக்கைக்கும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், இடதுசாரிகளுடையதுக்கும் சேர்த்து.

சாதியைத் தனிப் பாடமாக வைக்காதீர்கள், எல்லாப் பாடத்திலும் அது வரும். பச்சைத் தோலைத் தொடுகிற வேலை யாருக்கு, ஆபீஸ் வேலை யாருக்கு என்று கேட்டாலே போதும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதை வைத்துக்கொள்ளாமல் இந்த மாவட்டத்தில் வர்க்கம் பேசினால், சேரியிலிருந்து வந்த தோழர் மரியாதைக்குக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

இன்றைய அரசியலுக்கு வேலை நேரத்தை எடுங்கள். சிகாகோவில் 1886இல் எட்டு மணி நேரம் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிப்பது. 1926லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்த நாட்டில் இதற்கு ஏன் இத்தனை பாடு என்பதைப் பேசவே ஒரு வாரம் ஆகும்.

கடைசிப் பாடம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 29 பழைய சட்டங்கள் அதற்குள் போய்விட்டன, 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டமும் அதில் ஒன்று. முழுசாகப் படிக்க முடியாது, ஆளுக்கு ஒரு பிரிவு கொடுங்கள். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேருக்குப் போனதை ஷூ கம்பெனிக்காரர் படிக்கட்டும். டெலிவரி ஓட்டுகிற தம்பி தன் வேலை முதல்முறையாகச் சட்டத்தில் பெயர் சொல்லப்பட்டிருப்பதையும், அதனால் கையில் என்ன வரும் என்பதையும் தேடட்டும்.

கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வையுங்கள். சனி இரவு என்றால் கம்பெனி வேனில் வந்து இறங்கும் பெண்கள் வரவே முடியாது, ஞாயிறு மாலை என்றால் மறுநாளைக்கு மாவாட்டும் வேலை இருக்கும். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பேசத் தெரிந்த மூன்று ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்கள்.