ரீபிரீதரில் 55 மீட்டர்: வாயுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ரீபிரீதர், அதாவது வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்து, மறுபடி சுவாசிக்கத் தரும் டைவிங் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு சிலிண்டர் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் ஆழத்தைப் பொறுத்து மாறுவதில்லை. நிதானமாக நீந்துபவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர் போதும். 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் கையில் 600 லிட்டர் இருக்கிறது. ஒன்றரை மணி நேர டைவில் 90 லிட்டர் செலவாகும், கடுமையாக உழைத்தால் 135. மீதி அப்படியே திரும்பி வரும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடியில் இருக்கும் கடைசி நிமிடத்தில் இயந்திரம் கைவிட்டால், மேலே வந்து சேரும்வரை எதைச் சுவாசிப்பீர்கள்? என் குறிப்பேட்டில் முதல் பக்கம் பெயில்அவுட் கணக்குக்குத்தான், அதாவது இயந்திரத்தை விட்டுவிட்டுத் தனிச் சிலிண்டரிலிருந்து சுவாசித்து மேலே வருவதற்கான கணக்குக்கு. இயந்திரத்துக்குள் ஆக்சிஜனை நீர்க்கச் செய்யச் சேர்க்கும் வாயுவான டைலுவென்ட் அடுத்த பக்கம். இயந்திரம் அதற்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றினால், முதலில் ஆழத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்றபடி பெயில்அவுட் எண்களை வளைக்கத் தோன்றும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் வளைத்தேன்.

கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் இயந்திரத்துக்கான பயிற்சியும் டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்த வாயு) பயிற்சியும் முடிக்காதவர்கள் இதை வைத்து நீரில் இறங்கக் கூடாது. முடித்தவர்கள் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெயில்அவுட்

60 மீட்டர் ஆழம், அடியில் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 25வது நிமிடத்தில் ஸ்க்ரப்பர், அதாவது மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் பகுதி, கைவிடுகிறது. கரியமில வாயு தலைக்கு ஏறிவிட்டது. அந்த நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் சுவாசிப்பீர்கள்? 20 என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அது அமைதியாக மிதப்பவரின் எண். கரியமில வாயு ஏறியவருக்கு மூச்சு இரைக்கும். வாயிலிருந்து மவுத்பீஸை ஒரு விநாடி எடுக்கவே மனம் வராத அளவுக்கு இரைக்கும். நான் முதல் 3 நிமிடங்களுக்கு 40 லிட்டரும், ஏறும்போது 30 லிட்டரும், டீகோ நிறுத்தங்களில் (உடலில் கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் நிற்பது) 20 லிட்டரும் போடுகிறேன்.

60 மீட்டரில் மொத்த அழுத்தம் 7 பார். அங்கே நிதானத்துக்கு வரும்வரை 3 × 7 × 40 = 840 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 21 மீட்டர்வரை ஏற 4.3 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சராசரி அழுத்தம் சுமார் 5 பார் என்பதால் அதற்கு ஏறத்தாழ 655. நடுவே 27, 24 மீட்டர்களில் ஒவ்வொரு நிமிடம் நிற்க, அங்கும் 30 லிட்டரே போட்டு, 213. ஆக மொத்தம் 1,708 லிட்டர்.

அடியிலிருந்து 21 மீட்டர்வரை சுவாசிக்கும் இந்த ஹீலியம் கலந்த வாயுவை ஆழக் கலவை என்கிறேன். அதை 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் நிரப்பி, 40 பாரை மீதம் வைத்தால் பயன்படுத்தக்கூடியது 1,776 லிட்டர். காகிதத்தில் 68 லிட்டர் மிஞ்சுகிறது. அந்த 68 லிட்டரை நம்பி நான் இறங்குவதில்லை. ஹீலியம் கலந்த வாயு உயர் அழுத்தத்தில் எளிய பெருக்கல் காட்டும் அளவுக்குச் சுருங்காது. அதே 200 பாரில் உள்ளே இருப்பது கணக்கைவிடக் கொஞ்சம் குறைவுதான். நிரப்பும்போது சூடாக இருந்த சிலிண்டர் ஆறியதும் அழுத்தமும் இறங்கும். கீழே கூடுதலாக ஒரு நிமிடம் தடுமாறினாலே 280 லிட்டர் போய்விடும்.

வழி இரண்டுதான். ஆழக் கலவையில் இன்னொரு சிலிண்டர் கொண்டுபோக வேண்டும், அல்லது ஆழத்தைக் குறைக்க வேண்டும். 55 மீட்டரோடு நின்றால் இதே கணக்கு 780, 547, 213 என்று மாறி 1,540 லிட்டரில் முடிகிறது. மிச்சம் 236. நான் 55ஐத் தேர்ந்தெடுப்பேன். கூட்டாளியின் சிலிண்டரை என் கணக்கில் சேர்ப்பதில்லை. அது அவருடைய உயிருக்கான வாயு.

21 மீட்டரிலிருந்து 50 சதவீத நைட்ராக்ஸ், அதாவது பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன். அங்கே அதன் ஆக்சிஜன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.55 பார். மென்பொருள் தந்த நிறுத்தங்களை எடுத்துக்கொள்கிறேன்: 21 மற்றும் 18 மீட்டரில் 2 நிமிடம் வீதம், 15இல் 3, 12இல் 5, 9இல் 8, 6இல் 26. ஒவ்வொன்றையும் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்தால் பெருக்கிக் கூட்டினால் 87. அதை 20ஆல் பெருக்கினால் 1,740 லிட்டர். இன்னொரு 11.1 லிட்டர் சிலிண்டரில் இது மயிரிழையில் அடங்குகிறது. அதனால் 6 மீட்டருக்கென்று 5.7 லிட்டர் சிலிண்டரில் தூய ஆக்சிஜனும் கொண்டுபோகிறேன். அது கைகொடுத்தால் நைட்ராக்ஸில் ஏறத்தாழ பாதிதான் செலவாகும், 6 மீட்டர் நிறுத்தமும் சுருங்கும். கைகொடுக்காவிட்டாலும் நைட்ராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டே மேலே வந்துவிடலாம். எந்த ஒரு சிலிண்டர் போனாலும் வீடு திரும்ப வழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பாருங்கள். ஆழக் கலவைக்கு இதில் மாற்று இல்லை. அதனால்தான் அந்த இடத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

டைலுவென்ட்

நிற்பது 55 மீட்டர் ஆனாலும் கலவையை 60க்கே தேர்வு செய்கிறேன். கீழே விழுந்த பொருளையோ நண்பரையோ தேடிக் கொஞ்சம் இறங்க நேரலாம்.

இரண்டு கேள்விகள் கேட்கிறேன். முதலாவது: லூப்பில் (மூச்சு சுற்றிவரும் குழாய் வளையத்தில்) ஆக்சிஜன் எகிறிவிட்டால் டைலுவென்டைப் பாய்ச்சி அதைக் கீழே இறக்க முடியுமா? செட்பாயிண்டை, அதாவது லூப்பில் இயந்திரம் தக்கவைக்க வேண்டிய ஆக்சிஜன் பகுதி அழுத்தத்தை, 1.2 பார் என்று வைத்திருக்கிறேன். 18/45 டிரைமிக்ஸின் (18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன்) ஆக்சிஜன் 60 மீட்டரில் 0.18 × 7 = 1.26 பார். செட்பாயிண்டைவிட அதிகம் என்பதால் எவ்வளவு பாய்ச்சினாலும் செட்பாயிண்டுக்கு இறங்காது. 15/55 என்றால் 1.05. இது இறக்கும்.

இரண்டாவது: வாயு எவ்வளவு கனமாக இருக்கிறது? கேவின் அந்தோணி, சைமன் மிட்செல் ஆகியோர் முன்வைத்த எல்லை இப்போது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது. கனத்த வாயுவை உள்ளிழுத்து வெளித்தள்ள நுரையீரல் திணறும். திணறினால் ஸ்க்ரப்பர் நன்றாக இருந்தாலும் உடலுக்குள்ளேயே கரியமில வாயு தேங்கும். கணக்கு எளிது. 1 பாரில் லிட்டருக்கு ஆக்சிஜன் 1.43 கிராம், நைட்ரஜன் 1.25, ஹீலியம் 0.18. கலவையின் விகிதப்படி கூட்டி, அழுத்தத்தால் பெருக்குங்கள். 60 மீட்டரில் 15/55 சுமார் 4.8 வருகிறது, 18/45 சுமார் 5.6. வெறும் காற்று 9. ஹீலியம் விலை கூடுதல் என்று அதைக் குறைப்பவர்கள் இந்த 9ஐ ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

15/55க்கு ஒரு விலை உண்டு. நீர்மட்டத்தில் அதன் ஆக்சிஜன் 0.15 பார்தான், மயங்கி விழப் போதுமான அளவு குறைவு. மேற்பரப்பிலும் அதையொட்டிய ஆழத்திலும் அந்த டைலுவென்டைப் பாய்ச்சிச் சுவாசிக்கக் கூடாது.

டைலுவென்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நீருக்கடியில் ஐயமில்லாமல் தெரிந்த ஒரே வாயு அதுதான். பாய்ச்சினால் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரை 60 மீட்டரில் 1.05, 40இல் 0.75, 30இல் 0.60 காட்ட வேண்டும். இந்த மூன்று எண்களையும் கைப்பலகையில் எழுதிக்கொள்கிறேன். திரையில் ஐயம் வந்தால் பாய்ச்சிப் பார்ப்பேன். எண் ஒத்துவராவிட்டால் பெயில்அவுட்டுக்கு மாறிவிடுவேன்.

சென்சார்கள்

ஒருமுறை 6 மீட்டரில் நின்று, இறங்குவதற்கு முன்பான சோதனையாக லூப்பில் ஆக்சிஜனைப் பாய்ச்சினேன். ஆக்சிஜனை அளக்கும் மூன்று செல்களும் (சென்சார்கள்) 1.6ஐ நெருங்க வேண்டும். மூன்றாவது செல் 1.55 காட்டியது. முதல் இரண்டும் 1.22க்கு மேல் அசையவே இல்லை. கட்டுப்பாட்டுக் கருவி என்ன செய்தது தெரியுமா? இரண்டுக்கு ஒன்று என்று வாக்கெண்ணி, சரியாக இருந்த மூன்றாவதை ஒதுக்கிவிட்டது. அன்று என் செட்பாயிண்ட் 1.3. நான் கவனிக்காமல் இறங்கியிருந்தால், ஒருபோதும் 1.3 ஆகாத அந்த இரண்டு செல்களை நம்பிக் கருவி ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். வலிப்பு வரும்வரை. அன்றைய டைவை அங்கேயே முடித்துக்கொண்டேன். அந்த இரண்டு செல்களும் ஒரே நாளில் வாங்கியவை, ஒன்றாகவே மூப்படைந்தவை.

அன்றிலிருந்து மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்குவதில்லை. ஒவ்வொன்றின் மேலும் பொருத்திய தேதியை எழுதி ஒட்டுகிறேன். கரையில் மில்லிவோல்ட் கணக்கும் பார்க்கிறேன். காற்றில் 10.5 காட்டும் செல், நீர்மட்ட அழுத்தத்தில் தூய ஆக்சிஜனில் அதன் 4.78 மடங்கு, அதாவது ஏறத்தாழ 50 காட்ட வேண்டும். 45 காட்டினால் அது போகும் இடம் குப்பைத்தொட்டி. "இன்னும் ஒரு டைவுக்குத் தாங்கும்" என்று அதை எடுத்து வைக்காதீர்கள். கரைச் சோதனையில் தேறிய செல்லும் 1.0க்கு மேல் பொய் சொல்லக்கூடும். அதனால் 6 மீட்டர் சோதனையைக் கரைச் சோதனையால் ஈடுகட்ட முடியாது.

ஸ்க்ரப்பர் நிரப்புதல்

1880இல் வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கத்துக்குள் இறங்கிய அலெக்சாண்டர் லாம்பர்ட், ஹென்றி ஃப்ளூஸ் செய்த ஆக்சிஜன் கருவியைச் சுமந்துகொண்டு போனார். கரியமில வாயுவைக் காரத்தால் பிடித்து வைப்பது என்ற அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இப்போது சுண்ணாம்புக் குருணை. நான் பயன்படுத்துவது 1 முதல் 2.5 மில்லிமீட்டர்வரை உள்ள மெல்லிய ரகம்.

காற்றோட்டமான இடத்தில், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று ஊற்றுங்கள். தூசி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஊற்றியதும் குப்பியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தட்டுகிறேன். முதலில் சலசலவென்று ஒலிக்கும். குருணைகள் நெருங்க நெருங்க ஒலி மந்தமாகிவிடும். மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். இப்படி மூன்று தடவை. கடைசியில் மூடியின் அழுத்தத் தகட்டைப் பொருத்திவிட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறேன். ஒரு குருணைகூட நகரும் ஓசை கேட்கக் கூடாது. இடைவெளி இருந்தால் வாயு அந்த வழியே சுண்ணாம்பைத் தொடாமல் ஓடிவிடும். பிறகு எடை பார்க்கிறேன். என் குப்பிக்கு 2.5 கிலோ வர வேண்டும். 100 கிராம் குறைந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவேன்.

பாதி பயன்படுத்தியதைப் புதியதோடு கலக்காதீர்கள். நிறம் மாறுவதை நம்பாதீர்கள்; வைத்திருந்தால் பழைய நிறத்துக்கே திரும்பும். குப்பியின் ஓ-ரிங்கை விரலால் தடவி, "ஓ-ரிங் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் மூடுகிறேன். அது விட்டுப்போனால் வேறெந்தச் சோதனையும் உறுதியாகக் காட்டிக்கொடுக்காது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து சுவாசித்துப் பார்க்கும் சோதனைகூடக் கரியமில வாயுவைப் பலருக்கு உணர்த்துவதில்லை. ஆனாலும் அதைச் செய்கிறேன், செட்பாயிண்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக.

பொருத்துதலும் கடைசிச் சரிபார்ப்பும்

மீதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. மவுத்பீஸின் ஒருவழி வால்வுகளைக் குழாயை மாற்றி மாற்றி நெரித்துப் பாருங்கள். லூப்பை உறிஞ்சி வைத்து, குழாய்கள் சுருங்கிய நிலையிலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஊதி வைத்துப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரையும் நிரப்பியவர் சொன்னதை வைத்து அல்ல, நீங்களே அனலைசரில் அளந்து, அந்த எண்ணை ஒட்டுங்கள்.

சிலிண்டரின் கழுத்தில் அதை இறக்கக்கூடிய அதிகபட்ச ஆழத்தை உள்ளங்கை உயரத்துக்கு எழுதுகிறேன்: 60, 21, 6. ஆழக் கலவை இடப்பக்கம், ஆக்சிஜன் மிகுந்தவை வலப்பக்கம். ரெகுலேட்டருக்கு அழுத்தம் கொடுத்துவிட்டு வால்வை மூடி வைக்கிறேன், தானாகப் பீறிட்டுத் தீர்ந்துவிடாமல் இருக்க. ஆழக் கலவையின் வால்வை மட்டும் இறங்கும்போது திறந்தே வைத்திருப்பேன். மூச்சு இரைக்கும் நேரத்தில் வால்வைத் தேட முடியாது. வாயு மாற்றும்போது விரல் வால்விலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே ரெகுலேட்டர்வரை வர வேண்டும். கூட்டாளி எண்ணைப் படித்துத் தலையசைத்த பிறகுதான் அது என் வாய்க்குள் போகும்.

பெரிய டைவுக்கு முன் ஒரு சின்ன டைவ் செய்யுங்கள். 30 மீட்டருக்குப் போய், இரண்டு நிமிடம் வேகமாக நீந்தி, மூச்சு வாங்கும் நிலையிலேயே பெயில்அவுட்டுக்கு மாறி, கடைசிவரை அதிலேயே மேலே வாருங்கள். தொடக்க அழுத்தத்தையும் முடிவு அழுத்தத்தையும் எழுதி, உங்கள் லிட்டர் கணக்கைக் கண்டுபிடியுங்கள். முதல் தடவை எனக்கு 34 வந்தது. 20 என்று எழுதியிருந்த பழைய திட்டங்கள் அத்தனையையும் அன்று இரவே கிழித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி போட்டேன்.