டெக்சாஸில் புது வீடு வாங்கும் டெல்டாக்காரர்களுக்கு: சுவரை மூடுவதற்குள் பார்த்துவிடுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கங்களில் சொந்த வீடு கட்டுகிறவர் தனியாக ஒரு பரிசோதகரை அமர்த்துவது வழக்கமில்லை. கடைக்கால் தோண்டும் நாள் முதல் தளம் போடும் நாள் வரை வீட்டுப் பெரியவர் ஒருவர் தோளில் துண்டோடு அங்கேயே நின்று, மணலைச் சலித்தார்களா, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாரா, சுவருக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் அடித்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டெக்சாஸில் கட்டுமான நிறுவனத்திடம் புது வீடு வாங்கும்போது அந்தப் பெரியவரின் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பத்தான் இன்ஸ்பெக்டர்.

“நகராட்சியே பார்த்துவிட்டது, புது வீட்டுக்கு எதற்கு இன்ஸ்பெக்‌ஷன்?” என்று விற்பனைப் பிரதிநிதி கேட்கக்கூடும். நகராட்சி ஆய்வாளர் பார்ப்பது கட்டட விதிகளின் குறைந்தபட்சத் தேவைகளை மட்டுமே. பூச்சின் நேர்த்தியையோ கதவு சரியாக மூடுவதையோ பார்ப்பது அவர் வேலையன்று. ஆகவே டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் உரிமம் பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரை, நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் நீங்களே தேடி அமர்த்துங்கள். அவரை வீட்டுக்குள் அனுமதிப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

கட்டி முடிந்த பிறகு ஒரு முறை பார்த்தால் போதும் என்று நம்மவர்கள் பலர் நினைப்பதுதான் பெரிய தவறு. இங்கே வீட்டைத் தாங்குவது மரச் சட்டகம். வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் ஒரு போர்வைதான். சட்டகத்துக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், ஏ.சி. குழாய் எல்லாம் ஓடிய பின் ஜிப்சம் பலகையை அறைந்து மூடிவிடுவார்கள். அந்தப் பலகை ஏறுவதற்கு முந்தைய சில நாட்களில் செய்யும் பரிசோதனைக்குத்தான் மதிப்பு அதிகம்: குழாய் போடுவதற்காகத் தாங்குமரத்தை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறார்களா, ஜன்னலைச் சுற்றி மழைநீர் புகாமல் தடுப்பு ஒட்டியிருக்கிறார்களா, மின்கம்பியில் ஆணி பாய்ந்திருக்கிறதா என்பதை அப்போது கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுத்ததாக, பணம் கட்டிச் சாவி வாங்கும் முன் முழு வீட்டையும் ஒரு முறை பார்க்க வேண்டும். என் வீட்டில் அந்த இரண்டாம் பரிசோதனையின்போது அட்டிக்கில், அதாவது கூரைக்கும் அறைகளின் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள பரணில், ஏறிய இன்ஸ்பெக்டர், ஏ.சி. குழாயின் ஓர் இணைப்பு கழன்று கிடப்பதைக் காட்டினார். படுக்கையறைக்கு வரவேண்டிய குளிர்காற்று ஓட்டுக்கடியில் வீணாகிக்கொண்டிருந்தது. கீழே நின்று பார்த்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டட வேலையின்போது உள்ளே விழுந்த சிமெண்டுக் கட்டியும் குப்பையும் அதில்தான் அகப்படும் என்பதால் அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மண்ணைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் சித்திரை, வைகாசியில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும், நீர் பாய்ந்ததும் அந்த வெடிப்பு மூடிக்கொள்வதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டல்லாஸ், ஹூஸ்டன் பகுதிகளில் வீடுகள் பலவும் அப்படி ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணின் மேல்தான் நிற்கின்றன. எனவே வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று இன்ஸ்பெக்டரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் நீங்களே போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது அதைவிட நல்லது. செங்கல் வரிசையின் அடியில் சிறு சந்துகள் விட்டிருப்பார்கள். எலி வரும், எறும்பு வரும் என்று ஊர்ப் பழக்கத்தில் அவற்றைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடாதீர்கள்; செங்கலுக்குப் பின்னால் இறங்கும் நீர் வெளியேறும் வழி அதுதான். அடைத்தால் உள்ளே ஓதம் காக்கும், மரம் மக்கும்.

அறிக்கை பல பக்கங்களுக்கு நீளும். குறைபாடு என்று குறித்த இடங்களைப் பார்த்துப் பதறவேண்டாம். வண்ணப்பூச்சு விடுபட்டதும் கூரை ஒழுகுவதும் ஒரே குறியீட்டில்தான் வரும். எது பெரியது என்று இன்ஸ்பெக்டரிடமே கேட்டுப் பிரித்து, அதை எழுத்து மூலமாக நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

உத்தரவாதம் பொதுவாக வேலைப்பாட்டுக்கு ஓராண்டு, மின்சாரம், குழாய், ஏ.சி. ஆகியவற்றுக்கு ஈராண்டு என்றிருக்கும். கட்டமைப்புக்கு எத்தனை ஆண்டு என்பதை உங்கள் உத்தரவாதப் பத்திரத்தில் பாருங்கள். முதல் ஆண்டு முடிவதற்கு முன், பதினோராம் மாதத்தில் மீண்டும் ஒரு பரிசோதனை செய்தால், ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் காட்டிக்கொடுத்த வெடிப்புகளை நிறுவனத்தின் செலவிலேயே சரிசெய்யக் கேட்கலாம்.

கிரகப்பிரவேசம் குறித்து ஒரு வார்த்தை. ஊரில் ஜோசியரிடம் நாள் குறித்து, அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட்டும் எடுத்த பிறகு, பழுது பார்க்காத வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருந்தியவர்கள் இங்கே உண்டு. முழுப் பணமும் கைமாறிய பின் நிறுவனத்தின் வேகம் குறைந்துவிடும். சொன்ன பழுதுகளை உண்மையில் சரிசெய்தார்களா என்று இன்ஸ்பெக்டரை மறுபடி அழைத்துப் பார்த்த பிறகே பால் காய்ச்சும் நாளை ஊருக்குச் சொல்லுங்கள். மறுபார்வைக்கு அவர் வாங்கும் கட்டணம் முதல் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.