ஷேர் ஏறினால் நேயர்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை

நேயர் சர்வே முடிவு வந்ததும் எஃப்எம் நிலையங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் பக்கத்து ஷேர் எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழிக்கிறார்கள். அந்த விடையை வைத்தே காலை நிகழ்ச்சியின் தலையெழுத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். எண்ணை மாற்றிப் படிப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடலாம், அவை தானாகத் திருந்தும். கீழே உள்ளவை திருந்துவதில்லை.

ஷேரை ஆள்கணக்காகப் படிப்பது

ஷேர் ஒரு விகிதம். மேலே நம் நிலையத்தைக் கேட்ட நேரம், கீழே ஊர் முழுக்க ரேடியோ கேட்ட நேரம். கீழே உள்ளது சுருங்கினால் நாம் சும்மா இருந்தாலும் ஷேர் ஏறும். கணக்குக்காக, போன முறை மொத்தம் 1,000 மணி நேரம், நமக்கு 180 என்று வைத்துக்கொள்வோம்: ஷேர் 18%. இந்த முறை மொத்தம் 800, நமக்கு 160: ஷேர் 20%. இரண்டு புள்ளி ஏற்றம் என்று கேக் வெட்டுகிறார்கள். கையை விட்டுப் போன 20 மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் எரிச்சலானது. மொத்தக் கேட்பு 1,000 மணியிலிருந்து 1,200 ஆகிறது, நமக்கு அதே 180. ஷேர் 15% ஆகிவிடும். நம் கேட்பு ஒரு மணிகூடக் குறையாத நிலையில், பல மாதம் உழைத்துக் காலை நேரத்தை நிலைநிறுத்திய ஆர்ஜேவை இரவு ஸ்லாட்டுக்குத் தள்ளுகிறார்கள். அவர் குரலுக்குப் பழகியவர்கள் அதன் பிறகுதான் உண்மையிலேயே போகிறார்கள். அடுத்த சர்வேயில் அது தெரியும்போது, ‘அப்போதே சொன்னோமே’ என்பார்கள். விழவைத்ததே அந்த மாற்றம்தான்.

ஆகவே ஷேரைத் தொடுமுன் மூன்று எண்களை எடுத்து வையுங்கள்: மொத்தக் கேட்பு நேரம், நம் ரீச் (நம்மைக் கேட்டவர்கள் எத்தனை பேர்), ஒரு நேயர் சராசரியாகக் கேட்ட நேரம். பின்னிரண்டையும் பெருக்கினால் நம் மொத்த மணி நேரம் வரும். வாரம் 8 லட்சம் பேர் தலைக்கு 2.5 மணி கேட்டால் 20 லட்சம் மணி. 9 லட்சம் பேர் 2 மணி கேட்டால் 18 லட்சம்தான். ஆள் கூடியும் கேட்பு இறங்கிவிட்டது.

ரீச் குறைந்தால் கோளாறு வெளியே: விளம்பரப் பலகை, ஊருக்குள் நடத்தும் நிகழ்ச்சி, பெயர் நினைவில் இல்லாமை. நேரம் குறைந்தால் கோளாறு உள்ளே. உதாரணமாக, காலை 8 முதல் 9 வரையுள்ள லாகை (எப்போது எது ஒலித்தது என்ற பதிவை) எடுத்து, விளம்பரம் எத்தனை நிமிடம், எந்த நிமிடத்தில் பிரேக், ஒரே பாட்டு எத்தனை மணிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று பேனாவால் குறியுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

சின்ன சாம்பிளில் பெரிய முடிவு

600 பேரிடம் எடுத்த சர்வேயில் 20% ரீச் என்றால் பிழை எல்லை ஏறக்குறைய ±3 புள்ளி; அதாவது உண்மை எண் 17க்கும் 23க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். அதிலிருந்து 25–34 வயதுப் பெண்களை மட்டும் பிரித்து, 75 பேர்தான் தேறினால் அது ±9 ஆகிவிடும். அங்கே நான்கு புள்ளி இறங்கியதற்கு அவசரக் கூட்டம் வேண்டாம். தொடர்ந்து மூன்று சர்வேயில் ஒரே திசையில் போனால் மட்டும் கவனியுங்கள்.

அடிக்கணக்கைப் பார்க்காமல் விடுவது

ஷேரின் கீழே உள்ள மொத்தம்தான் அடிக்கணக்கு. அது தனியார் நிலையங்களுக்குள் மட்டுமா, சென்னையின் 101.4 ரெயின்போ உள்ளிட்ட ஆகாசவாணியும் சேர்த்தா? வீட்டுக் கேட்பு மட்டுமா, கார், ஆட்டோ, மொபைல் எல்லாமுமா? அடி மாறினால் எண் மாறும்.

நினைவை அப்படியே நம்புவது

‘நேற்று என்ன கேட்டீர்கள்’ என்றால் மனதில் முதலில் வரும் பெயரைத்தான் சொல்வார்கள். 92.7, 93.5, 94.3 எல்லாம் டயலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. பெயரோடு அலைவரிசை எண்ணையும், கேட்ட ஆர்ஜேவையும் கேட்டிருக்கிறார்களா என்று கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள். புதிதாக விளம்பரம் கொட்டிய நிலையத்துக்குப் பிறர் கேட்பும் சேர்ந்து எழுதப்படும்.

பெங்களூரு போக்கைச் சென்னைக்குப் பொருத்துவது

வேண்டாம். நேயர்கள் தாங்கள் கேட்டதை டைரியில் எழுதித் தரும் ராம் (RAM) கணக்கெடுப்பு 2007இல் தொடங்கியது; அது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தாவில்தான் நடந்தது, சென்னை அதில் இல்லை.

போன மாதத்தோடு ஒப்பிடுவது

ஐபிஎல், கோடை விடுமுறை, மார்கழி ஒவ்வொன்றும் கேட்பை வேறு மாதிரி மாற்றும். போன ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடுங்கள். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் போன்ற புயல்களால் கரண்டும் மொபைல் சிக்னலும் நின்றுபோன டிசம்பர் வாரங்கள் அதில் இருந்தால் அந்த வாரங்களை மட்டும் நீக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள்.

இரண்டு சர்வே நிறுவனங்களின் எண்களை ஒரே வரைபடத்தில் இணைப்பது

கூடாது.