ஃபார்மசியில் முதுநிலை: தீசிஸை இழுத்தடிக்கும் தவறுகள்

ஃபார்மசி முதுநிலைப் படிப்பில் நன்றாகப் படிப்பவர்களே கடைசிப் பருவத்தில் திணறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் பாடம் புரியாதது காரணமல்ல. எந்த வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று தொடக்கத்திலேயே கணக்குப் போடாததுதான் காரணம்.

சேரும்போதே ஒரு தவறு நடக்கிறது. எந்தப் பிரிவுக்கு வேலை அதிகம் என்று காதில் விழுந்ததை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபார்மசூட்டிக்ஸ் என்றால் மாத்திரை, களிம்பு, ஊசிமருந்து என மருந்துக்கு வடிவம் கொடுப்பதிலேயே நாள் போகும். மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஃபார்மகாலஜியில் பல இடங்களில் விலங்குகளைக் கையாள வேண்டிவரும். அது மனசுக்கு ஒத்துவருமா என்று முன்பே யோசிக்க வேண்டும். ஃபார்மசி பிராக்டிஸ் நோயாளிகளோடும் மருத்துவர்களோடும் பேசிப் பழகும் படிப்பு. அந்தப் பிரிவில் ஏற்கெனவே முடிந்த சில தீசிஸ்களைப் புரட்டினால், அன்றாடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பாடத்திட்டத்தில் அது தெரியாது.

அடுத்தது தலைப்பு. புதுமையாக இருக்கிறதே என்று ஒரு மருந்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் தூய மூலப்பொருள் கிடைக்குமா, தேவையான கருவி துறையில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று விசாரித்திருக்க மாட்டார்கள். கம்பெனி இலவச மாதிரி அனுப்பும் என்று காத்திருந்தே மாதங்கள் ஓடிவிடும். மருந்து கைக்கு வரும் வழி உறுதியாகும்வரை தலைப்பை முடிவு செய்யாதீர்கள்.

மருந்து நாளாக நாளாகக் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மருந்துத் தர விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் வழிகாட்டுதலின்படி, சாதாரண அறைவெப்பத்தில் வைக்கும் மருந்துகளுக்கான துரித ஆய்வு 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் நடக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் அந்த 6 மாதம் சுருங்காது. ஃபார்முலேஷனை, அதாவது மருந்துக் கலவையை, மெருகேற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சமர்ப்பிக்கச் சில வாரம் இருக்கும்போது மாதிரிகளை அந்த வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் காக்கும் சேம்பரில் வைத்தால் தரவு எங்கிருந்து வரும்? ஓரளவு திருப்தியான ஃபார்முலேஷன் கிடைத்ததுமே வைத்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், மருந்தை அளக்கும் முறை சரியானதா என்று பார்க்க வேண்டும். அமிலம், காரம், பெராக்ஸைடு, வெப்பம், ஒளி ஆகியவற்றால் மருந்தை வேண்டுமென்றே சிதைத்து, சிதைவுப் பொருட்களை எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) தனியாகப் பிரித்துக் காட்டுகிறதா என்று சோதிப்பார்கள். இதைத் தவிர்த்தால், கருவி தரும் வரைபடத்தில் சிதைவுப் பொருளைக் குறிக்கும் முகடு (பீக்) மருந்தின் பீக்கோடு கலந்து, கெட்டுப்போன மருந்தும் நல்ல மருந்தாகவே தெரியக்கூடும். அப்புறம் 6 மாதத் தரவு இருந்தும் பயனில்லை.

கருவியைக் கவனிக்காமல் விடுவதும் காலத்தைத் தின்னும். எச்.பி.எல்.சி.யில் பொருட்களைப் பிரிக்கும் குழாயான காலமில் (column) பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசல் ஓடியபின் நேரடியாகச் சுத்த அசிட்டோநைட்ரைலை விட்டால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் நீர் அதிகமுள்ள கலவையால் கழுவ வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் ஆய்வகத்தில் எல்லோருடைய வேலையும் நின்றுபோகும்.

விலங்குகளையோ நோயாளிகளையோ சார்ந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. உயிர்களோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது. எத்தனை பேர் அல்லது எத்தனை விலங்குகள் தேவை, எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். தரவெல்லாம் சேர்ந்தபின் புள்ளியியல் நிபுணரிடம் போனால், மாதிரி போதாது என்று அவர் சொன்னாலும் செய்வதற்கு ஒன்றுமிருக்காது.

லேப் நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். பொருந்தாத முடிவு வந்தாலும் அழிக்காமல், தேதி போட்டு, காரணம் தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதை மறைப்பது ஆய்வையே பொய்யாக்கிவிடும்.

சமர்ப்பிக்கும் அவசரத்தில் சிலர், பணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களில் விழுந்துவிடுகிறார்கள். அனுப்புமுன் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், கட்டுரையை உண்மையிலேயே துறை வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்களா என்று கைடிடம் கேட்டுவிடுங்கள். அங்கே ஒருமுறை வெளியாகிவிட்டால், அதே கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்ப வழியில்லை.