தண்ணீரில் வரும் காமாலை: எங்கே தடுப்பது?

கண் மஞ்சளாகத் தெரியும்போது, நோயாளியின் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் மலம் கலந்த நீர், உணவு வழியாகக் கல்லீரலை அடைபவை. தொற்றியபின் ஏ தெரியவர 14 முதல் 28 நாளாகும். இ என்றால் 2 முதல் 10 வாரம். நேற்றுக் குடித்த தண்ணீரைச் சந்தேகிப்பது வீண்.

கேண்டில் வடிகட்டியை மட்டும் நம்பாதீர்கள். இந்த வைரஸ்களின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர்தான். கேண்டிலின் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. கொதிக்கவைப்பதுதான் உறுதி. தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம். மூடியபடியே ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விளாவினால் பட்ட பாடெல்லாம் போச்சு. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பாத்திரத்தில் பிடியுங்கள். ஐஸ் கட்டிக்கும் பல் துலக்கவும் இதே நீர்தான்.

அடுப்பு இல்லையா? 5–6% வீரியமுள்ள, வாசனை சேர்க்காத ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் திரவம்) லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் வையுங்கள். கலங்கல் நீரில் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அதனால் முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். பிறகும் கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. 1955–56இல் டெல்லிக் குடிநீரில் சாக்கடை கலந்தபோது குளோரின் போட்டும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது, டைஃபாய்டு பெருகவில்லை. பாக்டீரியாவைக் கொன்ற அளவு வைரஸுக்குப் போதவில்லை.

கழிப்பறைக்குப் பின்னும் சமைக்குமுன்னும் சோப்பால் 20 விநாடி கை கழுவுங்கள். ஆல்கஹால் சானிடைசர் இவ்வகை வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. நோயாளி புழங்கும் கழிப்பறையைக் கழுவித் துடைத்தபின், 900 மி.லி. நீரில் 100 மி.லி. ப்ளீச் கலந்து தடவுங்கள். அதோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், ஜாக்கிரதை. மஞ்சள் தெரிந்து ஒரு வாரமாவது அவர் பிறருக்குச் சமைக்க வேண்டாம்.

ஏ வகைக்கு ஒரு வயது முதல் தடுப்பூசி உண்டு. நோயாளியோடு பழகியவர்கள் 2 வாரத்துக்குள் போட்டாலும் பயன் தரும்.

பாராசிட்டமால் உட்பட எந்த மருந்தையும், மூலிகையையும்கூட, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடும் பத்தியமும் தேவையில்லை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றே மருத்துவமனை: கடைசி மூன்று மாதத்தில் இ வகை உயிரைப் பறிக்கக்கூடியது. குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம், நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாராக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.