கண்டல் நட்டால் உப்பு நின்றுவிடுமா? கழிமுகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் போதும், குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் பக்கம் ஆற்றில் உப்பு ஏறுகிறது என்ற பேச்சும் வந்துவிடும், கூடவே கரையெல்லாம் கண்டல் (அலையாத்தி மரம்) நட வேண்டும் என்ற யோசனையும். நல்ல யோசனைதான். ஆனால் கண்டல் காடு உப்பை வடிகட்டும் சல்லடை இல்லை. கடல் மட்டம் உயரும் ஏற்றத்தில் உள்ளே தள்ளிவரும் கடல்நீருக்கு அது பரவ இடம் கொடுக்கிறது, வேரிலும் சேற்றிலும் உரசவைத்து வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தாழ்ந்த நிலத்தை மண்ணடித்து மனையாக்கினால் பரவ வழியில்லாமல் பல இடங்களில் தண்ணீர் ஆற்றோடு மேலே ஏறும். அதற்காக எந்தச் சதுப்பும் உப்பைக் குறைக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. பரவிய உப்புநீர், கடல் மட்டம் தாழும் இறக்கத்தில் தாமதமாகத் திரும்பி ஆற்றில் கலக்கும்போது உப்பு கூடுவதும் உண்டு. சதுப்பு முகத்துவாரத்தில் இருந்து எவ்வளவு தூரம், ஆற்றோடு எப்படி இணைகிறது என்பதைப் பொறுத்தது அது.

அடுத்த தவறு, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு பார்த்து முடிவு சொல்வது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, கனமான அது நல்ல தண்ணீருக்கு அடியில் ஊர்ந்து வரும். பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனியாக ஒரு கயிறு போட்டு வள்ளத்தில் இருந்து இறக்குங்கள், தரை தட்டியதும் தக்கையை இழுங்கள். மேலே வாயில் வைக்கும்படி இருக்கிற அதே இடத்தில் அடித்தண்ணீர் கரிக்கும். ஏற்றம் முடிந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் எடுங்கள். காலையில் ஒருநாள், மாலையில் ஒருநாள் என்று எடுத்து ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

மணல் அள்ளி ஆற்றைக் குழியாக்கிவிட்டுக் கரையில் மரம் நடுவதுதான் எனக்குப் பொறுக்காதது. ஆழம் கூடினால் உப்பு இன்னும் உள்ளே போகும், மேலே இருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தான். இரண்டையும் விட்டுவிட்டு நாற்று எண்ணிக் கணக்குக் காட்டி என்ன பயன்?

சரி, தடுப்பணை கட்டிவிடலாமே என்பார்கள். கேரளத்தின் குட்டநாட்டு நெல்லுக்காக 1970களில் முடிந்த தண்ணீர்முக்கம் தடுப்பணையைப் பாருங்கள். உப்பு நின்றது. கூடவே மீன், இறால் போக்குவரத்தும் நின்றது, தேங்கிய தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டியது.

நடுவதாக இருந்தால் ஏற்றநீர் வந்துபோகிற இடமா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் நடவே வேண்டாம், அப்புறம் எதற்கு நாற்றுச் செலவு? தூர்ந்துபோன ஓடையைத் திறந்துவிட்டால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் இடத்தில் விதை மிதந்துவந்து தானே ஊன்றிக்கொள்ளும்.