தனுஷ்கோடியில் கிட்டப் போய்ப் படம் எடுங்கள்

முன்பெல்லாம் கடற்கரைக்குப் போனால், எல்லாரையும் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கன்னியாகுமரியா வேளாங்கண்ணியா என்றே தெரியாது. அம்மாவோடும் மகளோடும் தனுஷ்கோடி போனபோதுதான் வேறு மாதிரி எடுத்தேன். குடும்பப் படம் இரண்டு போதும். மிச்ச நேரத்துக்குக் கை தொடுகிற பொருள்களின் பக்கம் போங்கள்.

முதலில் இடிந்த தேவாலயத்துக்கு. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிஞ்சிய அந்தச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுத்த சுவர். கிட்டப் போனால் தேன்கூடு மாதிரி குழிகள், சிலவற்றுக்குள் நட்சத்திரம் போல விரியும் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு சின்னப் பவள உயிர் வாழ்ந்தது! உச்சி வெயிலில் இது எதுவும் படத்தில் வராது. காலை எட்டு மணிக்குள் போய், வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும் இடமாகப் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் நிழல் தங்கியிருக்கும். போனைச் சுவரோடு ஒட்டினால் படம் கலங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் நிலைத்துவிடும், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அம்மா ஒரு குழியைச் சுண்டுவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த விரலோடு சேர்த்தே எடுத்தேன். குழி எவ்வளவு பெரிது என்று அதை வைத்துத்தான் புரிகிறது.

வலை பின்னுகிறவர்களிடம் கேட்காமல் போனை நீட்டாதீர்கள். "அண்ணே, வலையைப் படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவரே ஒரு முடிச்சை இழுத்துப் பிடித்துக் காட்டினார். கயிற்றில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, பக்கத்தில் வெயிலில் நிறம் வெளுத்த மிதவை. முகத்தை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அந்தக் கை போதும்.

மணலைக் குனிந்து எடுங்கள், நின்றுகொண்டு எடுத்தால் காற்று போட்ட வரி தட்டையாகிவிடும். ஈர மணலில் சின்ன நண்டுகள் வளையைச் சுற்றி உருட்டிப் போட்ட மணல் உருண்டைகளைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கூப்பிட்டால் உடனே போய்விடுங்கள், அடுத்த அலையில் எல்லாம் கரைந்துவிடும்.

படம் மங்கலாகத் தெரிந்தால் லென்ஸில் உப்புக்காற்று படிந்திருக்கும். மணலை முதலில் ஊதிவிட்டு, பிறகு பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் கீறல் விழும்.

அறைக்குத் திரும்பியதும் போனை மூட்டை கட்டிவிடாதீர்கள். மகளின் கால் விரல் இடுக்கில் காய்ந்த மணல் இருக்கும், முட்டியில் உப்புக் கோடு இருக்கும். சன்னல் பக்கமாக உட்காரவைத்து, குளிக்கப் போவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.